பத்துப் பேர் கணக்கு

போன வாரம் தங்கை மகனிடமிருந்து போன்.

"மாமா, பாப்பாவுக்கு வர்ற மாசம் ஃபர்ஸ்ட் பர்த்டே. ஜங்கிள் தீம் வைக்கலாமா, யூனிகார்ன் தீம் வைக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

யூனிகார்ன் என்பது நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த குதிரை என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு வயசுக் குழந்தைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்றுதான் தெரியவில்லை.

"பாப்பா என்னடா சொல்றா?" என்றேன்.

"அவ என்ன மாமா சொல்லுவா? ‘த்தா... த்தா’ங்கறா. ஹால், டெகரேஷன், மேஜிக் ஷோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒண்ணேகால் லட்சம் சொல்றாங்க. கொஞ்சம் குறைச்சுப் பேசலாம்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, பரண் மேலிருந்த பழைய ஆல்பத்தை இறக்கினேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆல்பம் இருக்கும். ரோஜாப்பூ அட்டை, நடுவில் பிளாஸ்டிக் தாள், திறந்தால் பசை வாசனை. என்னுடையது 2003 பிப்ரவரியில் எடுத்தது. மகளின் முதல் பிறந்தநாள். நங்கநல்லூரில் ஒரு மினி ஹால். நூற்றைம்பது பத்திரிகை. ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டிருந்தேன். தெர்மகோலில் வெட்டி ஜிகினா தூவிய எழுத்துகள், இரண்டு கிலோ கேக், வீடியோ லைட், எல்லாம் அமர்க்களம். என் மேனேஜர் வருவதற்காகக் கேக் வெட்டுவதை முக்கால் மணி நேரம் தள்ளி வைத்தோம். அவர் வந்தார். மொய்க்கவர் கொடுத்தார். குழந்தையின் பெயரைக் கேட்டார். போய்விட்டார்.

ஆல்பத்தை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். (ரிட்டயர் ஆகப்போகிறவனுக்கு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நேரம் கிடைக்கிறது.) மொத்தம் 96 படங்கள். அதில் பாப்பா இருப்பது 71. அழுகிற படம் 48. அம்மா தோளில் தூங்குகிற படம் 14. மீதி ஒன்பதில் வாயில் விரலை வைத்துக்கொண்டு யாரையோ வெறித்துப் பார்க்கிறாள். சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஆனால், நான் சிரிக்காத படமும் ஒன்றுகூட இல்லை!

இதை யோசிக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை ஏன் அழுதாள்? அன்றைக்கு எல்லாரும் ‘திருஷ்டி’ என்றார்கள். மறுநாள் உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டோம். டாக்டர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். ஏழெட்டு மாசத்தில் குழந்தைக்கு ‘இவர் நம்ம ஆள், இவர் வேற ஆள்’ என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடும். அதோடு வேற்று முகத்தைக் கண்டால் பயமும் வந்துவிடும். ஒரு வயசையொட்டி அந்தப் பயம் நன்றாக ஊறியிருக்கிற நேரம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம் அதைக் கொண்டுபோய் நூற்றைம்பது வேற்று முகங்களுக்கு நடுவில் நிறுத்துகிறோம். உடம்பு முழுக்க உறுத்துகிற வலைத்துணி கவுன். தலையில் எலாஸ்டிக் பேண்ட். கண்ணில் வீடியோ லைட். காதுக்குப் பக்கத்தில் ‘டமால்’ என்று ஒரு பார்ட்டி பாப்பர். மணியோ ராத்திரி ஏழரை. வீட்டில் இருந்தால் பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிற நேரம். என்னை அப்படி நிறுத்தினால் நானும் 48 படத்தில் அழுதிருப்பேன்.

பெரியவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சந்தோஷமாகப் போனார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. முதல் பிறந்தநாள் எப்போதுமே பெற்றவர்களின் விழாதான். ஆயுஷ்ய ஹோமம் செய்கிறவர்கள் செய்வார்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். அங்கேயும் குழந்தை அழத்தான் அழும். ஆனால், அது வீறிட்டு அழுத அடுத்த நிமிஷமே மாமன் வாயில் சர்க்கரை வைப்பான், பாட்டி தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவாள். ‘போட்டோகிராபர் வெயிட் பண்றார், பாப்பாவை இந்தப் பக்கம் திருப்புங்க’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னுடைய பிறந்தநாள் கதை வேறு. எனக்கு மூன்று பிறந்தநாள். அம்மா கணக்குக்கு மாசி மாசம் ரோகிணி. பஞ்சாயத்து ஆபீஸ் பதிவேட்டில் ஓர் ஆங்கிலத் தேதி. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் போட்டது ஜூன் மாசம். தலைக்கு மேலே வலது கையை வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். ‘சரி, அஞ்சு வயசு’ என்று ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொண்டார். ரிட்டயர்மெண்ட்டுக்கு அந்த ஜூன்தான் கணக்கு. பாயசத்துக்கு அம்மாவின் ரோகிணிதான் கணக்கு. விடியக்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல், மூலையில் மஞ்சள் தடவிய சட்டை, கோயிலில் ஓர் அர்ச்சனை, மத்தியானம் சேமியா பாயசம். முடிந்தது. யாருக்கும் பத்திரிகை இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அப்பா திட்ட மாட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய பரிசு. அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வேன்.

‘அந்தக் காலம்தான் பொற்காலம்’ என்று சொல்ல வரவில்லை. எனக்கும் கேக் வெட்ட ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டுப் பையன் கேக் வெட்டினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரோஜா நிற க்ரீம் என்ன ருசி இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஜன்னல் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோன இடம் ஒன்று பின்னால் வருகிறது.

பள்ளிக்கூடத்துப் பிறந்தநாளைச் சொல்லாமல் விட முடியாது. அன்றைக்குக் கலர் டிரஸ். எல்லாரும் யூனிஃபார்மில் இருக்க, நாம் மட்டும் சிவப்புச் சட்டை. வகுப்பில் எல்லாருக்கும் ஆளுக்கொரு சாக்லேட், டீச்சருக்கு மட்டும் இரண்டு. மற்ற வகுப்பு டீச்சர்களுக்குக் கொடுக்கப் போகும்போது கூட ஒருத்தனை அழைத்துப் போகலாம் என்று ஒரு சட்டம் உண்டே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? அந்த ஒருத்தன் யார்? அதுதான் விஷயமே. ஒரு வாரம் முன்னாலிருந்து நமக்குப் பென்சில் சீவித் தருவார்கள், மாங்காய்க் கீற்று தருவார்கள். கடைசியில் ஒருத்தனைக் கை காட்டுவோம் பாருங்கள், ஓர் அரசனுக்குக்கூட அப்படி ஒரு கர்வம் இருந்திருக்காது. சாக்லேட்டின் ருசியெல்லாம் மறந்துவிட்டது. என்னோடு வந்தவனின் முகம் இன்னும் இருக்கிறது. என்னைக் கூப்பிடாமல் விட்டவனின் முகமும் இருக்கிறது.

மகளின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பிறந்தநாட்களை எல்லாம் வீட்டிலேயே நடத்தினோம். லோன் அடைய வேண்டாமா? அதில் சில விஷயங்கள் தானாகவே புரிந்தன. இரண்டு வயதுக்காரிக்கு ‘உனக்குப் பர்த்டே’ என்றால் ஒன்றும் விளங்காது. மூன்றில் கேக் புரிந்தது. நான்கில் ‘நாளைக்கா... நாளைக்கா’ என்று ஒரு மாசமாக உயிரை வாங்கினாள். தினத்தாள் காலண்டரில் அந்தத் தேதி வரும் இடத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்தாள் என் மனைவி. தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பது பாப்பாவின் வேலை. அவள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் பதினொரு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டு, ‘அம்மா, இன்னிக்குத்தான் பர்த்டே’ என்று வந்து நின்றாள். அன்று எங்கள் வீட்டில் ராகு காலம் தெரியாமலே போய்விட்டது. பெரியவர்களுக்கு விழா மூன்று மணி நேரம். குழந்தைக்கு அது ஒரு மாசம். காத்திருப்பதில்தான் பாதி ருசி இருக்கிறது.

பலூனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நான்காவது வயசில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்று, வெடித்த பலூன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு முகம் நீலம் பாரித்துப்போனது. அதன் பாட்டி விரலை விட்டு எடுத்தாள். அந்தத் துண்டு கண்ணுக்குத் தட்டுப்பட்டது எங்கள் அதிர்ஷ்டம். தெரியாமல் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போய்விடும் என்று டாக்டர் அப்புறம் எச்சரித்தார். அந்த ஐந்தாறு நொடி இன்னும் எனக்கு மறக்கவில்லை. அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டில் இதற்கான எச்சரிக்கையை அச்சடித்தே விற்க வேண்டும் என்று சட்டமே உண்டு. மெல்லிய ரப்பர் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும். பலூனைச் சுவரில் உயரமாகக் கட்டுங்கள். வெடித்தால் துண்டுகளைப் பொறுக்குவதற்கென்றே ஒரு பெரியப்பாவை நியமியுங்கள். தலையில் பீய்ச்சி அடிக்கிற அந்த நுரை ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது தீப்பற்றக்கூடிய வாயு. பக்கத்தில் எரிவதோ மெழுகுவத்தி.

இப்போது ஐந்தாவது பிறந்தநாள். 2007 பிப்ரவரி.

பாப்பா எல்.கே.ஜி. முடித்து யு.கே.ஜி.யில் இருந்தாள். அவள் வகுப்பில் இரண்டு பேருக்குப் பெரிய பர்கர் கடை ஒன்றில் பிறந்தநாள் நடந்திருந்தது. அங்கே பத்துக் குழந்தைகளுக்கு என்று ஒரு பேக்கேஜ். ஆளுக்கொரு பர்கர், ஒரு தொப்பி, ஒரு பொம்மை. விளையாட்டு காட்ட ஓர் அண்ணன். இரண்டு மணி நேரம். நமக்கு வீட்டில் ஒரு தட்டுக்கூடக் கழுவ வேண்டாம். ‘எனக்கும் அங்கதான்’ என்றாள். போய்ப் பார்த்து, கொஞ்சம் அட்வான்ஸும் கட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லிஸ்ட் போட உட்கார்ந்தோம். பாப்பாவையும் சேர்த்துப் பத்து. வகுப்பில் ஐந்து பேர், எங்கள் ஃபிளாட்டில் மூன்று பேர், என் அண்ணன் மகன். பத்து ஆகிவிட்டது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள், "அப்பா, அயர்ன் வண்டிப் பாட்டி வீட்டுப் பாப்பா?" என்றாள்.

எங்கள் ஃபிளாட் வாசலில் வேப்பமரத்தடியில் ஓர் அயர்ன் வண்டி நிற்கும். கரிப்பெட்டிதான். அதை வைத்துத் துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். மகள் எங்கோ வீட்டு வேலைக்குப் போவாள். பேத்தி கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஒண்ணாம் வகுப்பு. நாலு மணிக்கு வந்து பையை வண்டிக்குக் கீழே தொங்க விட்டுவிட்டால் ஏழு மணி வரை எங்கள் வாசல்தான் அவளுக்கு. என் மகளுக்கும் அப்படித்தான். தினமும் மூன்று மணி நேரம் இரண்டும் மண்ணில் உருண்டன. வகுப்புத் தோழிகள் ஐந்து பேரின் பெயரைக்கூட அவள் யோசித்துச் சொன்னாள். இந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல யோசிக்கவே இல்லை.

"பத்துப் பேருதாம்மா. அந்தக் கடையில அவ்வளவுதான் விடுவாங்க" என்றேன்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் கூடுதலாக ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று அந்தக் கடைத் தாளிலேயே அச்சடித்திருந்தது. பெரிய தொகையும் இல்லை. அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஐந்து வயசுக்காரிக்கு அந்த இங்கிலீஷ் படிக்க வராது என்ற தைரியம்தான்.

ஏன் படித்துக் காட்டவில்லை? ‘அவங்க வீட்ல பரிசு வாங்கித் தரணுமேன்னு சங்கடப்படுவாங்க’ என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அது இல்லை. ஸ்கூலிலிருந்து வரும் மற்ற பெற்றோர்கள் ‘இது யார்?’ என்று கேட்பார்களே என்பதுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோஜா நிற க்ரீமைப் பார்த்த பையன் அப்போது எங்கே போயிருந்தான் என்று தெரியவில்லை.

பாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அடம் பிடிப்பாள் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து விரல்களை மடக்கி எண்ணினாள். அப்புறம் முகம் மலர்ந்து, "அப்ப நான் வரலப்பா. நான் வீட்லயே இருக்கேன். அவ வரட்டும். பத்து ஆயிடும்ல?" என்றாள்.

கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட சந்தோஷம் அவளுக்கு. தியாகம், கியாகம் எல்லாம் அவளுக்குத் தெரியாது. தான் இல்லாமலே தன் பிறந்தநாள் நடக்கலாம் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் நாங்கள்தானோ என்னவோ.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தத் தாளை அவளும் படித்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, "மொட்டை மாடியிலயே வெச்சுக்கலாங்க" என்று குரல் மட்டும் வந்தது.

அட்வான்ஸ் போனது போனதுதான்.

மறுநாள் அயர்ன் வண்டிக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நாங்க எதுக்கு சார்? பாப்பாகிட்ட ரெண்டு மிட்டாய் குடுத்தனுப்புங்க, போதும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "அழைக்கிற மாதிரி அழைச்சீங்களா? துணி எத்தனைன்னு கேக்கற மாதிரி கேட்டிருப்பீங்க" என்றாள் மனைவி. சாயந்திரம் குங்குமச் சிமிழோடு அவளே போனாள். முறைப்படி குங்குமம் கொடுத்து, ‘அவசியம் வரணும்மா’ என்று அழைத்தாள். அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குங்குமம் எடுத்துக்கொண்டார்.

மாடிப் பிறந்தநாள் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? திட்டமிட்டது எதுவும் நடக்கவில்லை. நடந்தது எல்லாம் நன்றாக இருந்தது.

சாயந்திரம் நாலரைக்கு ஆரம்பம், ஆறரைக்கு முடிவு என்பதில் மட்டும் மனைவி கண்டிப்பாக இருந்தாள். குழந்தைகளுக்குத் தூக்கம் வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கலர்த்தாள் ஒட்டுவது, காராசேவைச் சின்னக் கிண்ணங்களில் போடுவது எல்லாம் பாப்பாவின் பொறுப்பு. எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு இல்லை. தனக்குப் பிடித்தவர்களுக்கு அதிகம்! ஒட்டின கலர்த்தாள் பாதி காற்றில் பறந்தது. அவளுக்கு அதைத் துரத்துவதும் பர்த்டேயில் சேர்த்திதான்.

முதலில் மியூசிக்கல் சேர் வைத்தேன். அது குழந்தைகளுக்கான விளையாட்டே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழந்தையை ‘நீ வெளியே போ’ என்று சொல்கிற விளையாட்டு அது. மூன்றாவது சுற்றில் மூன்று பேர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்று நான் முழித்தபோது, அயர்ன் வண்டிப் பாட்டியின் பேத்தி, "அங்கிள், கொல கொலயா முந்திரிக்கா ஆடலாமா?" என்றாள். மற்ற குழந்தைகளுக்கு அது தெரியாது. அவள்தான் வட்டமாக உட்கார வைத்தாள், கைக்குட்டையை எப்படி முதுகுக்குப் பின்னால் போடுவது என்று காட்டினாள். அதில் யாரும் வெளியே போக வேண்டாம். துரத்தலாம், மாட்டிக்கொள்ளலாம், மறுபடி வட்டத்தில் உட்காரலாம். முக்கால் மணி நேரம் அதே ஆட்டம். நடுநடுவே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் தலைக்கு மேலே தாழ்வாகப் போனால், ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பதினொரு பேரும் கையாட்டிக் கத்தினார்கள். அந்த விமானங்களுக்கு நான் பைசா கட்டவில்லை.

கேக்கில் ஐந்து மெழுகுவத்தி. பாப்பா ஊதினாள். உடனே அண்ணன் மகன், ‘நானும் ஊதணும்’ என்றான். இன்னொரு தடவை கொளுத்தினோம். அப்புறம் என்ன, வரிசை நின்றுவிட்டது. பதினொரு தடவை கொளுத்தி, பதினொரு தடவை ஊதி, பதினொரு தடவை ‘ஹேப்பி பர்த்டே’ பாடினோம். (2017-ல் அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்காரர்கள், கேக் மேல் ஊதினால் அதிலுள்ள பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் அதிகமாகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். எங்கள் கேக்கின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நல்லவேளை, எங்களுக்கு அது பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கு என்றால் ஊதுவதற்குத் தனியாக ஒரு கப் கேக் வைத்துவிடுவேன்.)

அந்தப் பாட்டைப் பதினொரு தடவை கேட்டபோது ஒன்று கவனித்தேன். கான்வென்ட் குழந்தையும் கார்ப்பரேஷன் ஸ்கூல் குழந்தையும் அதை ஒரே மாதிரி பாடின. யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரில் பாட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்று இரண்டு சகோதரிகள். ஒருவர் மழலையர் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் இசை தெரிந்தவர். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் காலை வணக்கம் சொல்வதற்காக ஒரு பாட்டுக் கட்டினார்கள். ‘குட் மார்னிங் டு ஆல்’ என்ற அந்தப் பாட்டு 1893-ல் புத்தகத்தில் வந்தது. மெட்டைப் போட்டு வகுப்பில் பாடிப் பார்ப்பார்களாம். சின்னக் குழந்தைக்கு வரவில்லையென்றால் திருத்தி எழுதி மறுபடி பாடிப் பார்ப்பார்களாம். கடைக்குட்டிக்கும் சுலபமாக வரும்வரை விடவில்லை. அந்த மெட்டில்தான் பிறகு பிறந்தநாள் வார்த்தைகள் வந்து ஏறிக்கொண்டன. அப்படிப்பட்ட பாட்டுக்கு ஒரு கம்பெனி ரொம்ப வருஷம் உரிமைத்தொகை வசூலித்துக்கொண்டிருந்தது என்பதும், 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்று சொன்னதும், மறு வருஷம் அந்தக் கம்பெனி 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனதும் தனிக் கதை.

ஸ்கூலிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, நான் பயந்த அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் கேட்டார். "இந்தப் பொண்ணு யாரு?"

"எங்க பாப்பாவோட ஃபிரெண்டு" என்றாள் என் மனைவி. அவர் "ஓ" என்று சொல்லிவிட்டுக் கேசரி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். இதற்காகவா நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்!

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று துண்டு கேக் சாப்பிட்ட எதிர் வீட்டுப் பையன் மாடிப்படியிலேயே வாந்தி எடுத்தான். பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போது இரண்டு பேருக்குச் சண்டை வந்து ஒரு பொம்மைக்குத் தலை போனது. கடைசியில் பொம்மைகளை எல்லாம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் அன்று வந்திறங்கிய ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டிக்குள் நாலைந்து பேர் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆறரைக்கு ஆரம்பித்த அந்த ‘வீட்டு விளையாட்டு’ ஏழே கால் வரை கலையவில்லை. அம்மாக்கள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

இதையெல்லாம் தங்கை மகனுக்குப் போன் போட்டு விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சூப்பர் மாமா. ஆனா ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். திருப்பித் தர மாட்டாங்களாம்" என்றான். சரி, நான் கட்டிய அட்வான்ஸ் மட்டும் திரும்பி வந்ததா? "அப்ப விழாவைக் காலைல பத்தரைக்கு மாத்து. பார்ட்டி பாப்பர் வேணாம்னு சொல்லு. உடம்புல உறுத்தாத மாதிரி காட்டன் கவுன் போடு. பாப்பா அழுதா எந்த மேனேஜர் வந்தாலும் வெயிட் பண்ணாம தூக்கிட்டு வெளிய போயிடு" என்றேன். "யூனிகார்ன்?" என்றான். "அது உனக்குப் பிடிச்சிருந்தா வெச்சுக்கோ மாப்ளே" என்றேன்.

மகளுக்கும் ஒரு போன் போட்டேன். இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். முதல் பிறந்தநாளின் 48 அழுகைகளைச் சொன்னேன். சிரித்தாள். அவளுக்கு அது சுத்தமாக நினைவில்லை. யாருக்குமே மூன்று, மூன்றரை வயசுக்கு முந்தியது பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. ஐந்தாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மொட்டை மாடியா, ஏதோ கொஞ்சம் என்றாள். கேக் இல்லை. விமானம் இல்லை. பத்துப் பேர் கணக்குப் போட்டது இல்லவே இல்லை. "நானா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டாள். நான் அந்தத் தாளைப் படித்துக் காட்டாததையும் சொன்னேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

அப்புறம், "அந்த அயர்ன் பாட்டி காலைல என் கவுனைக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க இல்லப்பா?" என்றாள்.

ஆமாம். அன்று காலை அந்த அம்மா படியேறி வந்து, புதுக் கவுனைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார். கடையில் மடித்த மடிப்பு கவுன் முழுக்க விழுந்திருந்தது. ஒரு சுருக்கமில்லாமல் தேய்த்து, ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். காசு கொடுத்தேன். "பாப்பாவுக்கு நான் வேற என்ன சார் செய்யப்போறேன்" என்று கையைத் தள்ளிவிட்டார். அதை நானே மறந்திருந்தேன்.

"அதான் ஞாபகம் இருக்கு. அம்மா உடனே போட்டுவிட்டாங்க" என்றாள் மகள். "போட்டுக்கும்போது நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சுப்பா."